யாரும் கூப்பிடாத வீடு

மௌலீஸ்வரன் மனிதன்தானா என்று பார்த்துவிட்டுப் போக உரிம வாரியத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார்.

காலை பத்தே முக்கால் மணி. ஈரோடு சம்பத் நகரில், மாடிப் போர்ஷன். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி படியேறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஷாகிதா பானு, கள ஆய்வாளர் என்று இருந்தது.

"மௌலீஸ்வரன். வயசு நாப்பத்திரெண்டு. தனியா வெப்சைட் செஞ்சு குடுக்கறீங்க. பதினெட்டு வருஷம். சரிதானே?"

"சரிங்க மேடம்."

"உடம்புல கருவி ஏதாவது பொருத்தியிருக்கீங்களா?"

"கடவாப் பல்லுல ஒரு கேப் போட்டிருக்குதுங்க."

"அது கணக்குல வராது" என்றார் ஷாகிதா. சிரிக்கவில்லை. "எப்பவும் போல உக்காந்து ஒரு மணி நேரம் வேலை பாருங்க. நான் பக்கத்துல இருப்பேன், அவ்வளவுதான்."

அவன் உட்கார்ந்தான். பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றுக்கு உறுப்பினர் சேர்க்கைப் படிவம் பாதியில் நின்றிருந்தது. அதை எடுத்தான்.

கைமுத்திரைச் சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு மோசமான காலம். மணிக்கு லட்சம் வலைத்தளங்களை இயந்திரங்கள் எழுதித் தள்ளின. இல்லாத மருத்துவமனை நோயாளிகளுக்கு நேரம் கொடுத்தது. இல்லாத பள்ளிக்கூடம் விண்ணப்பம் வாங்கியது. எது நிஜம் என்று யாருக்கும் தெரியாமல் போய், நிஜமான மருந்துக்கடைகளின் தளங்களைக்கூட மக்கள் திறக்கப் பயந்தார்கள். கடைசியில் அரசாங்கம் ஒரு விதி செய்தது. உயிரும் சேமிப்பும் சம்பந்தப்பட்ட தளங்களை, அதாவது மருத்துவமனை, பள்ளி, கூட்டுறவுச் சங்கம், மருந்துக்கடை போன்றவற்றை, ஒரு மனிதன் தன் கையால் எழுத வேண்டும். தவறு நடந்தால் அவன் பெயர் சொல்லிக் கேட்க முடிய வேண்டும். பக்கத்தின் அடியில் ஒரு சிறிய உள்ளங்கைப் படமும் எழுதியவன் பெயரும் இருக்கும். மௌலீஸ்வரனின் பெயர் அறுபத்தொரு தளங்களில் இருந்தது.

கையால்தான் எழுதினான் என்பதற்கு என்ன சான்று? அதற்காக உரிமம் பெற்ற ஒவ்வொருவரின் கணினியிலும் 'சாட்சி' என்ற சிறிய செயலி உட்கார்ந்திருந்தது. என்ன எழுதுகிறான் என்பதை அது படிப்பதில்லை. எப்படி எழுதுகிறான் என்பதை மட்டும் பார்த்தது. எந்த விசைக்குப் பின் எந்த விசை, எவ்வளவு நேரம் கழித்து, எங்கே நின்றான், எங்கே அழித்தான். மாதக் கடைசியில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடும். அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்து போனால் ஆய்வாளர் வருவார். மௌலி வாங்கியிருந்தது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு.

ஷாகிதா நடுவில் ஒருமுறை தண்ணீர் கேட்டார். இன்னொரு முறை, வண்டியைக் கீழே மரத்தடியில் விட்டிருக்கிறேன், யாராவது சத்தம் போடுவார்களா என்று கேட்டார். அவன் எழுந்துபோய் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். உட்கார்ந்தபின் எந்த வரியில் இருந்தோம் என்று தேடினான்.

ஒரு மணி நேரம் முடிந்தது. அவர் தன் கையடக்கக் கணினியைத் திருப்பிக் காட்டினார். எழுபத்தொன்று.

மௌலிக்கு மூச்சு வந்தது. "அப்ப சரியாயிருச்சுங்களா?"

"இல்ல. நான் பக்கத்துல இருந்தேன்ல, அதான். தண்ணி கேட்டேன். வண்டியைப் பத்திக் கேட்டேன். ரெண்டும் வேணும்னே கேட்டது." அவர் கணினியை மடியில் வைத்துக்கொண்டார். "உங்களை மனுஷன் இல்லைன்னு நான் நினைக்கல. ஆனா நான் நினைக்கிறதுக்கு மதிப்பு இல்ல. போன மூணு மாசமா நீங்க ஒண்ணு பண்ணியிருக்கீங்க. தப்புத் தப்பா அடிச்சு அழிச்சிருக்கீங்க. சரியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மதிப்பெண் இறங்க ஆரம்பித்ததும், மனிதன் என்றால் பிழை செய்வான் என்று யோசித்து, பத்து வரிக்கு ஒருமுறை வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றி அடித்து அழித்துக்கொண்டிருந்தான். தொழிலில் இருந்த பலரும் அதைத்தான் செய்தார்கள்.

"எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றாங்க" என்றார் ஷாகிதா. "மெஷின் தப்பா அடிக்கறதுக்கு எப்பவோ கத்துக்கிச்சுங்க. சாட்சி பார்க்கிறது அதை இல்ல. மறதியை."

"மறதியா?"

"இதை எப்படிப் பழக்கினாங்க தெரியுமா? பெரிய நோய் வந்தப்ப எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாங்க இல்லையா. அப்ப வேலை பார்த்த பதினாலாயிரம் பேரோட தட்டச்சுப் பதிவு யார்கிட்டயோ இருந்துச்சு. மனுஷன் எழுதினா இப்படித்தான் இருக்கும்னு அதைக் காட்டிப் பழக்கினாங்க. அத்தனை பேரும் வீட்டுல இருந்தவங்க. குழந்தை வந்து இழுத்திருக்கும். மாமியார் கூப்பிட்டிருப்பாங்க. சிலிண்டர்காரர் வந்திருப்பார். எழுந்து போயிட்டுத் திரும்பி வந்தா எங்கே விட்டோம்னு மறந்திருக்கும். நாலு வரி மேலே போய்ப் படிச்சு, கடைசி வார்த்தையை அழிச்சு, மறுபடி அதே வார்த்தையை அடிப்பாங்க. சாட்சி அதைப் பிடிச்சுக்கிச்சு. மனுஷன்னா அவனை யாராவது கூப்பிடுவாங்க. இவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்சது. யாரும் அதுக்கு இதைச் சொல்லிக் குடுக்கல."

கீழே தெருவில் ஒரு ஆட்டோ தக்காளி விற்றுக்கொண்டு போனது. ஒலிபெருக்கிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"வீட்ல வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார் ஷாகிதா.

"சம்சாரம் தர்மபுரில வேலைங்க. பாப்பாவும் அங்கதான். ரெண்டு வருஷம் ஆச்சு."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க மதிப்பெண் எண்பத்தி நாலு" என்றார் அவர், திரையைப் பார்க்காமலே.

---

அந்த எண்பத்து நான்கின் காலத்தில் இது சத்தமான வீடாக இருந்தது. பிருந்தா ஈரோட்டு விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்ததும் அலுவலகத்தில் நடந்ததைச் சமையலறையிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பாள். தன்விகாவுக்கு அப்போது ஏழு வயது. பென்சில் முனை உடைந்தால் அப்பா. பல்லி தெரிந்தால் அப்பா. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டால் அப்பா. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அவன் பெயரோ உறவோ அந்த வீட்டில் கேட்கும்.

அவன் வீட்டிலேயே வேலை பார்ப்பவன் என்பதால் வேலையில் இருக்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க மத்தியானம் வந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போடச் சொன்னார். ஒருநாள் கண் மருத்துவமனை ஒன்றின் தளத்தில், தன்வி கூப்பிட்டதால் எழுந்துபோய் வந்து, ஒரு வரியை விட்டுவிட்டான். நாற்பது நோயாளிகளுக்கு ஒரே நேரம் ஒதுக்கப்பட்டது. கையெழுத்து அவனுடையது. மருத்துவமனை நிர்வாகி போனில் பேசிய பேச்சை அவன் பிருந்தாவிடம் முழுதாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு விதிகள் வந்தன. அறைக்கதவின் கைப்பிடியில் பச்சைத் துண்டு தொங்கினால் கூப்பிடக் கூடாது. முதலில் காலையில் மட்டும் தொங்கிற்று. பிறகு நாள் முழுக்க. பிருந்தா குக்கரை எடுத்துவைத்துவிட்டு வடிசட்டியில் சோறு வைத்தாள், விசில் சத்தம் வேண்டாமென்று. போனை அதிர்வில் போட்டாள். தன்வி கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினாள். அவன் சாயங்காலம் சீட்டுகளை மொத்தமாக எடுத்துப் பதில் எழுதி வைப்பான். கொஞ்ச நாளில் சீட்டும் நின்றுபோனது. பழகிவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

தர்மபுரிக்கு மாற்றல் வேண்டுமென்று பிருந்தாவேதான் எழுதிக் கொடுத்தாள். சண்டை எதுவும் இல்லை. "நீங்க நிம்மதியா வேலை பாருங்க. எங்களுக்கும் வீட்டுக்குள்ள கொஞ்சம் சத்தமாப் பேசிக்கணும்" என்றாள். மாதம் இரண்டு முறை அவன் போய்வருவது என்று பேச்சு. முதல் வருடம் போனான். அமைதியில் வேலை ஓடியது. முன்பு பத்து நாள் எடுத்தது நான்கு நாளில் முடிந்தது. விட்டுப்போன வரி என்று ஒன்றுகூட இல்லை. புதிய வேலைகள் வந்தன. போவது மாதம் ஒன்றானது, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை ஆனது.

அந்த வேகமும் அந்தச் சுத்தமும்தான் இப்போது அவனை இயந்திரம் என்று காட்டிக்கொடுத்திருந்தன.

---

"ஒரு மறுசோதனை உண்டு" என்று ஷாகிதா சொன்னார். "மூணு வேலை நாள். ஒன்பதிலிருந்து அஞ்சு. இந்த மாசத்துக்குள்ள. எந்த இடத்துல வேணும்னாலும் உக்காந்து செய்யலாம். மூணு நாள் சராசரி அறுபது வரணும். வராட்டி அஞ்சு வருஷத்துக்கு உரிமம் கிடையாது. உங்க பேர்ல இருக்கிற தளங்களை வேற ஆளுக்கு மாத்திடுவாங்க."

"அஞ்சு வருஷம் கழிச்சு எனக்கு நாப்பத்தேழுங்க. இந்த வேலை தவிர ஒண்ணும் தெரியாது."

"அது எனக்கும் தெரியும்." அவர் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "நான் இதைச் சொல்லக் கூடாது. சொல்றேன். குடும்பம் இருக்கிற இடத்துக்குப் போய்ச் செய்யுங்க. ஆனா எதுக்கு வந்திருக்கீங்கன்னு சொல்லி, 'என்னைக் கூப்பிடுங்க'ன்னு ஏற்பாடு பண்ணிடாதீங்க. கோயம்புத்தூர்ல ஒருத்தர் அப்படித்தான் தங்கச்சி பையனை உக்காத்தி வெச்சு, அரை மணிக்கு ஒருதடவை கூப்பிட வெச்சார். முப்பத்தொண்ணுதான் வந்துச்சு. கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கிறவன் எதையும் மறக்கிறதில்ல. இன்னொருத்தர் நாய் வாங்கினார்."

"நாய்க்கு?"

"நாய்க்கு அம்பத்தொன்பது" என்றார் ஷாகிதா. இப்போது சிரித்தார். "பாவம், ஒரு மார்க்ல போச்சு."

படி இறங்கும்போது நின்றார். "எனக்குப் பசங்க ரெண்டு பேரும் வெளிநாடு. என் கணினியிலயும் அந்தச் செயலியைப் போட்டுப் பார்த்தேன், சும்மா. நாப்பத்தி நாலு." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

---

மத்தியானம் பிருந்தாவுக்குப் போன் செய்தான். பரிசோதனை நிலையத்தில் இருந்தாள். ஈரத்தாள் சுருளில் நானூறு விதை போட்டு, ஏழெட்டு நாள் கழித்துப் பிரித்து, எத்தனை நன்றாக முளைத்தது என்று எண்ணுவது அவள் வேலை.

"இருங்க, எண்ணிட்டிருக்கேன். நூத்திப் பதினாறு, நூத்திப் பதினேழு… சொல்லுங்க."

"தர்மபுரிக்கு வரலாம்னு இருக்கேன். திங்கள், செவ்வாய், புதன்."

"என்ன விசேஷம்? யாராச்சும் போயிட்டாங்களா?"

"ஒருத்தரும் போகல. சும்மாதான்."

"சும்மாவா? நீங்களா?" அவள் பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொன்னாள். பிறகு, "போச்சு. எத்தனைல விட்டேன்? மறுபடி முதல்ல இருந்து எண்ணோணும்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். சாட்சி அவளிடம் இருந்தால் தொண்ணூறு போடும் என்று மௌலி நினைத்தான்.

மறைக்க முடியவில்லை. ஆய்வாளர் வந்தது, மறதி, பதினாலாயிரம் பேர், நாய், எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப, எங்களை நீங்க தொந்தரவுக்குக் கூப்பிடறீங்க" என்றாள் பிருந்தா.

"அப்புடியில்ல பிருந்தா…"

"தொந்தரவா இருக்குதுன்னு போகச் சொன்னீங்க. இப்ப தொந்தரவு பத்தலைன்னு வர்றீங்க."

"நான் போகச் சொல்லல. நீயாத்தான் எழுதிக் குடுத்தே."

"ஆமாங்க. நானாத்தான் எழுதிக் குடுத்தேன்." குரலில் கோபம் இல்லாததுதான் அவனைத் தைத்தது. "வாங்க. வேண்டாம்னு சொல்லல. உங்க வீடுதான். ஆனா எனக்கு இது தெரிஞ்சு போச்சு. நான் உங்களைக் கூப்பிட மாட்டேன். தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிட்டா அது எப்புடிங்க கூப்பிடறதாகும்? பாப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அவளுக்குக் காலாண்டு லீவு. அவ கூப்பிட்டா உங்க அதிர்ஷ்டம்."

---

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவன் தர்மபுரி குடியிருப்பின் படிகளில் ஏறியபோது, இரண்டாம் மாடியிலிருந்து சத்தம் கேட்டது. டிவியில் ஏதோ பாட்டு. பிருந்தாவும் தன்வியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அம்மா, நீ ஏமாத்தறே, அது என் காயின்!" என்று தன்வி கத்தினாள். குக்கர் விசிலடித்தது. அவன் படியில் நின்று அந்த விசிலை மூன்று வரை எண்ணினான்.

தன்வி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஒன்பது வயதில் உயரமாகிவிட்டிருந்தாள். கேரம் ஆடினார்கள். அவனுக்கு விரலில் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தன்வி கேலி செய்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கூடத்தில், சாப்பாட்டு மேசையின்மேல் மடிக்கணினியைத் திறந்தான். வேண்டுமென்றே கூடத்தைத் தேர்ந்தெடுத்தான். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் வாசலுக்கும் போகிற வழி அது. பச்சைப் புள்ளி ஒன்று திரையின் மூலையில் எரிந்தது. சாட்சி விழித்திருந்தது.

மூடி திறந்த அந்த நொடியில் வீடு அணைந்துபோனது.

டிவி நின்றது. பிருந்தா அலுவலகம் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்பதைக் கையால் காட்டினாள். அவளுக்காவது விஷயம் தெரியும். தன்விக்கு ஒன்றும் தெரியாது. அவள் தானாகவே செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு நடந்தாள். படுக்கையறையில் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு படம் வரைந்தாள். பென்சில் உருண்டு விழுந்தால் விழுந்த இடத்திலேயே அமுக்கிப் பிடித்தாள். தண்ணீர் குடிக்க வந்தபோது குழாயை நூலாகத் திறந்து, டம்ளரைச் சாய்த்து, பக்கச் சுவரில் வழியவிட்டுப் பிடித்தாள். சத்தமில்லாமல் தண்ணீர் பிடிக்க அப்படி ஒரு வழி இருக்கிறது என்று மௌலிக்கு அன்றுதான் தெரிந்தது. ஈரோட்டு வீட்டில் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இதெல்லாம் எவ்வளவு காலம் நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஒரு பொத்தானின் அகலத்தைச் சரிசெய்தான்.

அன்றைய மதிப்பெண் ஐம்பத்தாறு.

செவ்வாய்க்கிழமை அவன் அவளைக் கூப்பிட்டான். "தன்வி கண்ணு, இங்க வந்து உக்காந்து படிம்மா. அப்பா பக்கத்துல."

வந்தாள். எதிர் நாற்காலியில் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். பக்கத்தைத் திருப்பும்போது ஓரத்தை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, சரசரக்காமல் திருப்பினாள்.

"என்ன கதை அது?"

"கடல்ல ஒரு வீடுப்பா." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "நீங்க வேலையைப் பாருங்கப்பா."

"பரவால்ல, சொல்லு. பேசலாம். ஒண்ணும் ஆகாது."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது சோதனையோ என்று குழந்தைகள் பார்க்கும் பார்வை அது. "அப்பறமாச் சொல்றேன்" என்றாள். பத்து நிமிடம் கழித்து, நாற்காலி இழுபடாமல் தூக்கி நகர்த்தி எழுந்து, உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் பிருந்தா வந்து சாப்பாட்டைத் தட்டுப்போட்டு மூடி அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள். அவனைப் பார்த்தாள். பார்வையில் பழி இல்லை. கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

ஐம்பத்தேழு.

சாயங்காலம் மூடியை இறக்கியதும் வீட்டுக்கு உயிர் திரும்பியது. டிவி வந்தது, தன்வி வந்து தோளில் தொங்கினாள். கடலில் இருக்கும் வீட்டைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் பிருந்தாவிடம் சமையலறையில், "இவளை யாரு இப்புடிப் பழக்கினது?" என்று கேட்டுவிட்டான்.

பிருந்தா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "நெசமாலுமே கேக்கறீங்களா?"

அவன் தட்டிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தான்.

"இங்க வந்து ரெண்டு மாசம் அவ வீட்ல இப்புடித்தான் நடந்தா" என்றாள் பிருந்தா, பீன்ஸை நறுக்கிக்கொண்டே. "நீங்க இல்லாத வீட்ல. ஒரு நாள் நான் கேட்டேன், ஏஞ்சாமி இப்புடி நடக்கறேன்னு. அப்பா எப்பவாச்சும் போன்ல வேலை பார்த்துட்டே கூப்பிடுவாங்க, அப்பச் சத்தம் கேக்கக் கூடாதில்லன்னா. பழக்கம் போறதுக்கு நாளாச்சுங்க. ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க வந்து மூடியைத் திறந்தீங்க, ஒரு நிமிஷத்துல திரும்பி வந்துருச்சு."

பிறகு அவளே கேட்டாள்: "நாளைக்கு எவ்வளவு வரோணும்?"

"அறுபத்தேழு."

"வருமா?"

"தெரியல."

"உரிமம் போனா என்ன பண்ணுவீங்க?"

"அதுவும் தெரியல பிருந்தா."

அவள் தலையாட்டினாள். நறுக்கியதைத் தட்டில் ஒதுக்கினாள். நான் நாளைக்கு லீவு போடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் அவனும் நினைத்தான்.

---

புதன்கிழமை. எதிர்வீட்டு நிர்மலாவின் மகளுக்குப் பிறந்தநாள், நான்கு மணிக்கு. தன்வி மூன்றரை மணிக்கே புதுக் கவுனைப் போட உள்ளே போனாள்.

பால் சங்கத்தின் படிவம் ஏறக்குறைய முடிந்திருந்தது. உறுப்பினர் பெயர், ஊர், மாடுகளின் எண்ணிக்கை. காலையிலிருந்து ஒரு வரிகூடப் பிசகவில்லை. மதியம்வரை ஐம்பத்தெட்டு காட்டியது. அவன் ஒவ்வொரு வரிக்கும் நடுவே காது கொடுத்தான். காது கொடுப்பதும் பதிவாகிறது என்பது தெரிந்தும் அதை நிறுத்த முடியவில்லை.

பாதி வார்த்தையில் இருந்தபோது கறுத்த திரையோரத்தில் பிம்பமாக ஒரு அசைவு தெரிந்தது. அவனுக்குப் பின்னால், படுக்கையறை வாசலில், தன்வி நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் கவுன். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னே போயிருந்தன. முதுகு ஜிப் பாதியில் மாட்டி, அதன் பல்லில் அவள் தலைமுடி ஒரு கொத்து சிக்கியிருக்க வேண்டும். கழுத்து பின்பக்கமாக இழுபட்டு, முகவாய் மேலே தூக்கியிருந்தது. கண்ணில் நீர் தளும்பியது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள்.

அவள் அவன் முதுகைப் பார்த்தாள். ஒரு அடி எடுத்துவைத்தாள். நின்றாள்.

கூப்பிடு, என்று அவன் நினைத்தான்.

அவள் திரும்பினாள். சுவரோரமாக, தலையைச் சாய்த்துப் பிடித்தபடி, வெறுங்காலில், வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாளை இரண்டு விரலால் தூக்கி, சத்தமில்லாமல் விலக்கி, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர்வீட்டு அழைப்புமணி ஒருமுறை ஒலித்தது.

மௌலி திரையைப் பார்த்தான். என்ன எழுதிக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பாதி வார்த்தை நின்றிருந்தது, அது எந்த வார்த்தையின் பாதி என்று பிடிபடவில்லை. நான்கு வரி மேலே போய்ப் பார்த்தான். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. இதைத்தான் அது மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது எழுந்துபோய் அந்த முடியை விடுவித்துவிட்டுத் திரும்பி வந்தால் போதும். வந்து உட்கார்ந்ததும் கை தானாகத் தடுமாறும். நடிப்பு இல்லை. அறுபத்தேழு என்ன, அதற்கு மேலேயே வரும்.

அவன் எழுந்தான். எழும்போதே, குழந்தைக்கு வலிக்குமே என்பது இந்தக் கணக்குக்குப் பிறகுதான் தனக்குத் தோன்றியது என்பதைக் கவனித்தான்.

மறுபடி உட்கார்ந்தான். மூலையில் இருந்த பச்சைப் புள்ளியைச் சொடுக்கினான். ஒரு பெட்டி திறந்தது. 'சோதனை முடியவில்லை. இப்போது வெளியேறினால் மறுவாய்ப்பு கிடையாது. வெளியேறவா?' அவன் ஆம் என்பதை அழுத்தினான். இன்னொரு முறை கேட்டது. இன்னொரு முறை அழுத்தினான். புள்ளி அணைந்தது. மூடியை இறக்கிவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனான்.

நிர்மலா வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே பலூன் வெடிக்கும் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும், மணியோசை யார் காதிலும் விழுந்திருக்காது. தன்வி இரண்டாம் முறை மணியை அடிக்கலாமா என்று விரலை வைத்தபடி நின்றிருந்தாள்.

"தன்வி."

அவள் திடுக்கிட்டுத் திரும்ப, முடி இழுபட்டு, "ஆ" என்றாள்.

"ஆடாதே கண்ணு. அப்புடியே நில்லு."

நடைபாதையில் அவளுக்குப் பின்னால் முழங்காலிட்டான். ஜிப்பின் பல்லில் பதினைந்து இருபது முடி சிக்கியிருந்தது. ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பினான். பதினெட்டு வருடமாக நுணுக்கமான வேலை பார்த்த கைதான், ஆனாலும் முதல் இரண்டு முடி அறுந்துபோனது. அவள் கவுனின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் பவுடர் வாசனை.

"வலிக்குதா?"

"கொஞ்சம்." இன்னும் கிசுகிசுப்பாகவே பேசினாள்.

கடைசி முடி வந்தது. ஜிப்பை மேலே ஏற்றினான். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்பி, அவன் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். மணி நான்குகூட ஆகவில்லை, ஐந்துக்கு முன் அப்பா மூடியை இறக்கி அவள் பார்த்ததில்லை.

"கரண்ட் போயிருச்சாப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு."

அவள் நம்பவில்லை. அவன் தோளுக்கு மேலாக எக்கி, திறந்திருந்த தங்கள் வீட்டுக்குள் பார்த்தாள். கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.